தெப்பத்து மோட்டார்

2-11-77, புதன்

என் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவில் இன்று முதல் ஒரு படகு மோட்டார் நிற்கிறது. பின்கட்டுத் தாழ்வாரத்தில். கேட்டுக்கொண்டுதான் எடுத்தார்களாம். யாரைக் கேட்டார்கள்? அத்தையை.

ஆரணியில் படகு எங்கே இருக்கிறது என்று கேட்கிற புத்தி இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. பல வருஷமாக வறண்டு கிடந்த கோயில் குளம் இந்த ஐப்பசி மழையில் படிக்கட்டெல்லாம் மூழ்க நிரம்பிவிட்டது. கார்த்திகை தீபம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தெப்பம். உபயம் எங்கள் மாமனார், பட்டு ஜவுளி துரைக்கண்ணு. தெப்பத்தைக் கரையில் நின்று ஆட்கள் கயிறு கட்டி இழுப்பதுதான் வழக்கம். மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல்.

"காஞ்சிபுரத்துக்காரன் கயிறு இழுத்துகினு கெடக்கட்டும். நம்ம சாமி மோட்டார்ல போவும்."

அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் மீன்படகுகள் கிடக்கிற ராயபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். யாரோ வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மேல்மூடி கிடையாது. பிளக், ஒயர் எல்லாம் வெளியே தெரிகிறது. "காத்தோட்டமா இருக்கும்" என்று விளக்கம். பி.யூ.சி.யில் இரண்டு தடவை தவறியவர் காற்றோட்டம் பற்றி எனக்குச் சொல்கிறார்.

மத்தியானம் வெயிலில் நன்றாகத்தான் ஓடியது. அண்டாத் தண்ணீர் தாழ்வாரம் முழுக்கத் தெறித்தது. சாயங்காலம் தூறல் வந்ததும் இருமத் தொடங்கியது. பிறகு நின்றுவிட்டது.

எனக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் அந்தத் தெப்பத்தில் அபி ஏறப்போகிறாள்.

4-11-77, வெள்ளி

அபி பிறந்தபோது மஞ்சள் காமாலை. பிழைத்தால் தெப்பத்தில் சாமி காலடியில் உட்கார வைக்கிறேன் என்று அத்தை வேண்டிக்கொண்டார்களாம். குழந்தைக்கு மூன்று வயது ஆகிவிட்டது. இத்தனை நாள் குளத்தில் தண்ணீர் இல்லாததால் நான் தப்பித்தேன். பெண்கள் தெப்பத்தில் ஏறக்கூடாது. அதனால் நான் கரையில் நிற்பேன். அவள் தனியாகப் போவாள். காலிப் பீப்பாய்களின் மேல் பலகை, பலகையின் மேல் மூங்கில் மண்டபம், நாலு பக்கமும் விளக்கு, பின்னால் பெட்ரோல். நடுவில் என் பெண்.

அத்தையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வருஷம் ஏறட்டுமே அத்தை. கொஞ்சம் விவரம் வரட்டும்."

"சாமிகிட்ட தவணை கேக்கறியா? இன்னா பொண்ணு நீ?"

அத்தை ராஜம்மாளின் வீட்டில் சாமிக்கும் வட்டிக் கடைக்காரனுக்கும் ஒரே மரியாதை.

இவரிடம் சொன்னேன். "நான்தான் கூட இருக்கப்போறேனே" என்றார். இவருக்கே நீச்சல் தெரியாது.

6-11-77, ஞாயிறு

ஆக, குழந்தையை இறக்க முடியாது. மோட்டாரையாவது சரி செய்ய வேண்டும். வேறு வழி?

வேடியப்பன் என்று ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வந்திருக்கிறார்கள். கிணற்று பம்புசெட் ரிப்பேர் செய்கிறவன். மோட்டாரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். முகர்ந்தான். "மூச்சுத் திணறல்ங்க" என்றான். "காத்துல ஈரம் சாஸ்தியாச்சின்னா மனுசனுக்கே இழுக்குது. இது இன்னா பண்ணும்?" கார்பரேட்டரைக் கழற்றி ஊதினான். மாட்டினான். இரண்டு தோசை, ஒரு காபி. ஓடியது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஓடாமல் என்ன செய்யும்? அவன் ஊதினதால் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடியும் இருமல்.

"நாளைக்கும் வந்து ஊதறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

8-11-77

வந்தான். ஊதினான். தின்றான்.

9-11-77, புதன்

பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்பது என் கணக்கு. ராத்திரிக் குளிர்ச்சியில் டேங்க்கின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும் அல்லவா? எல்லாவற்றையும் கொட்டி, மெல்லிய துணி போட்டு வடிகட்டி, டேங்க்கைத் துடைத்து, நிரம்ப ஊற்றினேன். வேலூரில் மூன்று வருஷம் பௌதிகம் படித்ததற்கு இதாவது உதவட்டும் என்று. சாயங்காலம் அதே இருமல்.

மாமா ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, "பி.எஸ்ஸி.யும் ஊதிப் பாத்துச்சா?" என்றார். சிரிப்பு வேறு. வீடு முழுக்கச் சிரித்தது. அபியும் சிரித்தாள், ஏன் என்று தெரியாமலே.

இந்த ஊரில் மழை நாளில் யாரும் தறியில் பட்டுப் பாவு இழைகளைத் தொடமாட்டார்கள். இழை ஈரம் குடிக்கும், ஒட்டும், அறும் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே ஆட்களுக்கு மோட்டார் என்றால் மட்டும் மூச்சு, திருஷ்டி, கிரகம்.

பெட்ரோல் இல்லை. கார்பரேட்டர் இல்லை. அப்புறம் என்ன?

13-11-77, ஞாயிறு

தீபாவளி முடிந்தது. மழை முடியவில்லை. தெப்பம் கட்டி முடித்து இன்று வெள்ளோட்டம். சாமி இல்லாமல், இவரும் வேடியப்பனும் மட்டும்.

நான் அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மதில் ஓரமாக நின்று பார்த்தேன். வானம் மூட்டம். கிளம்பும்போது வேடியப்பன் கரையைப் பார்த்துக் கும்பிட்டான், டில்லிக்குப் போகிற மாதிரி. பாதிக் குளம் வரை போயிற்று. அப்புறம் நின்றது. இவர் மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். வேடியப்பன் குனிந்து கார்பரேட்டரை ஊதினான். தெப்பம் தன்பாட்டுக்குத் திரும்பி, நடுவில் இருக்கிற நீராழி மண்டபத்தில் போய் இடித்தது. சத்தம் கரை வரைக்கும் கேட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பலகையால் தண்ணீரைத் துழாவித் துழாவிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அபி கைதட்டினாள். "அப்பா அடுப்பு கிண்டறாங்க!"

அந்த இடியில் சாமி காலடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால்? விளக்கு சாய்ந்திருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் அத்தை செய்த முதல் வேலை, மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, விபூதி குழைத்துப் பூசி, சந்தனம், குங்குமம். "கண்ணு பட்டுடுச்சி. ஊரே பாத்துச்சே." ஊர் பார்த்தது வாஸ்தவம். சிரித்ததும் வாஸ்தவம்.

15-11-77, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் இவர் அண்டாவில் மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போயிற்று. தாழ்வாரம் கும்மிருட்டு. நான் லாந்தர் எடுக்கத் திரும்பினேன், அப்போது பார்த்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் நீலமாக ஒரு இழை. பூரான் குட்டி ஊர்கிற மாதிரி மேலிருந்து கீழே ஓடுகிறது, மறைகிறது, மறுபடி ஓடுகிறது. அது ஓடுகிற ஒவ்வொரு தடவையும் மோட்டார் இருமுகிறது.

உள்ளே போய் வெடிக்க வேண்டிய பொறி வெளியிலேயே வழிந்து போகிறது. எதன் வழியாக? லாந்தரைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். பீங்கான் தெரியவே இல்லை. விபூதிப் பட்டை. அதன் மேல் சந்தனம். அதன் மேல் குங்குமம். அதன் மேல் மறுபடி விபூதி. ஆயுத பூஜைக்கு மட்டும் வைக்கிற பொட்டு இல்லை இது, வாங்கி வந்த அன்றே ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு தரம், நின்றுபோன ஒவ்வொரு நாளைக்கும் ஒரு தரம். மேல்மூடி இல்லாததால் அந்த வெள்ளைப் பீங்கான்தான் அத்தையின் கண்ணுக்கு நெற்றி மாதிரி பட்டிருக்கிறது. பொட்டு வைக்கத் தோதாக.

வெயிலில் காய்ந்து கிடக்கிறவரை ஒன்றும் செய்யாது. ஈரக்காற்று வந்ததும் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிற மாதிரி சாம்பல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஈரம் பட்ட சாம்பல் மின்சாரத்துக்கு நல்ல பாதை. மோட்டார் நிற்கிறது. நின்றதால் இன்னும் கொஞ்சம் பூசுகிறார்கள். பூசியதால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது!

இத்தனை நாள் இதைத்தான் பூஜை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

16-11-77, புதன்

எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த மத்தியானத்தில் பிளக்கைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டினேன். சாயங்காலம் நல்ல மழை. இவர் இழுத்தார். ஒரே இழுப்பு. ஒரு இருமல் இல்லை. பெட்ரோல் தீருகிறவரை ஓடியது.

"பாத்தியா? நேத்து நெய் விளக்கு போட்டேன்" என்றார்கள் அத்தை.

18-11-77, வெள்ளி

வெள்ளிக்கிழமை. பூசினார்கள். சாயங்காலம் நின்றது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

இவரை அழைத்துப் போய் இருட்டில் காட்டினேன். நீல இழையை இவரும் பார்த்தார். வாயைத் திறந்தபடி நின்றார். இரும்பையும் பீங்கானையும் வைத்து விளக்கினேன். புரிந்தது. அதுதான் கொடுமை, நன்றாகவே புரிந்தது.

"சரி. ஆனா அம்மாகிட்ட யார் சொல்றது?"

நானே சொன்னேன். பயந்துகொண்டேதான். குழந்தையின் உயிர் சமாச்சாரம் அத்தை, அந்தப் பொட்டை மட்டும் துடைத்துவிட்டால்—

"இன்னாடி சொன்னே? பொட்டை அழிக்கறதா? தாலி கட்டின பொம்பள வாயில வர்ற வார்த்தையா இது? அதுவும் நல்ல காரியத்துக்கு வெச்ச பொட்டு!"

"மனுஷங்களுக்கு இல்ல அத்தை, மோட்டாருக்கு."

"லட்சுமிடி அது! அழிக்கச் சொல்றாளே. இதான் காலேஜ்ல சொல்லிக்குடுத்தானா?"

மாமா ஊஞ்சலை நிறுத்தினார். "பேஜார் பண்ணாதம்மா. பொட்டு வெச்சி மோட்டார் நிக்குமா? அப்ப ஊர்ல ஒரு லாரி ஓடாது."

லாரிக்கு முன்பக்கத் தகரத்தில் வைக்கிறார்கள் மாமா, பிளக்கில் வைப்பதில்லை. சொன்னேன். சொன்னேனா? மனசுக்குள் சொன்னேன். வெளியில் வந்தது, "சரிங்க மாமா."

இவர் அந்த நேரம் பார்த்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தறியில் நூலைக் கொண்டு ஓடுகிற நாடா மாதிரி ஆள். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் தட்டினால் இந்தப் பக்கம்.

19-11-77

இவருடைய சமரசத் திட்டம்: தெப்பம் கிளம்புகிற சமயத்தில் யாருக்கும் தெரியாமல் இவரே துடைத்துவிடுவாராம். "ஒரு துணியை இடுப்புல சொருகிக்கறேன். சத்தியமா."

அபி தலையில் கை வைத்து சத்தியம் செய்யப் போனார். வேண்டாம் என்றேன். அந்தத் தலையை எதற்கும் பணயம் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

23-11-77

அபிக்குப் பட்டுப் பாவாடை வந்துவிட்டது. மாம்பழ மஞ்சள். போட்டுக்கொண்டு கழற்றமாட்டேன் என்கிறாள். "நான் சாமிகூட போட்டுல போறேன்" என்று வாசலில் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நீச்சல் தெரிந்த ஒருத்தரையாவது தெப்பத்தில் ஏற்றுங்கள் என்று கேட்டேன். இடமில்லையாம். நாதஸ்வரக்காரர் வருகிறாராம்.

27-11-77, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு இவர்கள் சொல்வதை நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

இருட்டுகிற நேரத்தில் சாமி எழுந்தருளினார். பூந்தூறல். படிக்கட்டில் நிற்க இடமில்லை. சேத்துப்பட்டு, படவேடு வரைக்குமிருந்து ஜனம். குருக்கள் சாமிக்குத் தீபாராதனை காட்டினார், அப்புறம் மோட்டார் பக்கம் வந்தார். தட்டில் விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் தயார். அத்தை பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். குருக்களும் நெற்றியைத் தேடினார். எல்லோருக்கும் அந்தப் பீங்கான்தான் கண்ணில் படுகிறது! மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். பொட்டு வைத்தார். போதாக்குறைக்குக் கும்பத்துத் தீர்த்தத்தை மாவிலையால் தெளித்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் இடுப்பில் துணி இருந்தது. கை அதன் பக்கம் போயிற்று. அத்தை திரும்பினார்கள். கை அப்படியே மேலே போய் சாமியைப் பார்த்துக் கும்பிட்டது.

அந்தக் கும்பிடு. அதை என் ஆயுசில் மறக்கமாட்டேன்.

அத்தை அபியைத் தூக்கித் தெப்பத்துக்கு நீட்டினார்கள். நான் இரண்டு படி இறங்கினேன், தண்ணீர் கணுக்கால் வரை. குழந்தையை அத்தை கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன்.

"என் பொண்ணு ஏறமாட்டா."

"உண்ணாமலை! ஊர் பாக்குது" என்று அத்தை என்னை அதட்டினார்கள்.

"பாக்கட்டும். அந்தப் பிளக்கைத் துடைங்க, ஏத்தறேன். இல்லாட்டி இல்ல. நடுக்குளத்துல நின்னுபோச்சின்னா யார் பதில் சொல்வாங்க? நீங்க சொல்வீங்களா? இவர் சொல்வாரா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நாதஸ்வரம் நின்றுவிட்டது. மாமா மேல் படியிலிருந்து, "நேரம் ஆவுது, ஜல்தி எடுங்கய்யா! அவ வரலேன்னா போவட்டும்" என்று கத்தினார். அபி கால்களை உதறிக்கொண்டு அழுதாள். சாமியுடன் போக வேண்டுமாம். என் கழுத்தைக் கீறிவிட்டாள், இப்போதும் எரிகிறது.

தெப்பம் கிளம்பியது. முதல் சுற்று பாதி வரைக்கும் கம்பீரமாகத்தான் போயிற்று. ஜனங்கள் கை கூப்பினார்கள். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. நாம்தான் பைத்தியமோ? அப்புறம் அந்த இருமல். இரண்டு, மூன்று. நீராழி மண்டபத்துக்குப் பின்னால் பாதி மறைந்தது. சத்தம் நின்றது. அடுத்து இடி. மூங்கில் முறிகிற சத்தம். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு தண்ணீரில் விழுந்து 'சுர்' என்று அணைந்தது. தெப்பத்தில் பாதி இருட்டு.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாதஸ்வரக்காரர் இடுப்பு வரைக்கும் நனைந்தார், அவ்வளவுதான். விளக்கு விழுந்த மூலை, சாமி காலடியில் அபிக்கென்று மணை போட்டிருந்த மூலை.

கயிறு கொண்டுவரவே இல்லை, மோட்டார் இருக்கிறதே! நெசவாளர் தெருவில் வீட்டுக்கு வீடு ஓடிக் கிணற்றுக் கயிறுகளை அவிழ்த்து வந்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, ஒருத்தன் நீந்திப்போய்க் கட்டி, எல்லோருமாக இழுத்தார்கள். சாமி ஒரு சுற்றுகூட முடிக்காமல் வீடு திரும்பினார்.

28-11-77, திங்கள்

எதிர்பார்த்ததுதான். குழந்தையை ஏற்றவிடாமல் பிடுங்கினதால் சாமிக்குக் கோபம் வந்து மோட்டார் நின்றதாம். குருக்கள் சொன்னார், அத்தை சொன்னார்கள், பால்காரர் சொல்கிறார். வேடியப்பன் மட்டும் இன்னும் கார்பரேட்டர் என்கிறான். இந்த ஊரிலேயே அறிவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறவன் அவன்தான் என்று ஆகிவிட்டது.

அத்தை என்னுடன் பேசுவதில்லை. அபியைக் கூப்பிட்டு, "உங்கம்மாகிட்ட அரிசி களைய சொல்லு" என்கிறார்கள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

1-12-77

இவர் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வந்தார். "அம்மா திரும்பிட்டாங்க, அதான்..." முடிக்கவில்லை. நானும் உதவவில்லை.

22-1-78, ஞாயிறு

மோட்டார் போயிற்று. சேத்துப்பட்டிலிருந்து மிக்கேல் என்பவர் வந்து வாங்கிப் போனார். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறாராம். அண்டாவைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தும் பெட்ரோல் வாசம் போகவில்லை.

20-10-78, வெள்ளி

மாமா சேத்துப்பட்டுக்கு வசூலுக்குப் போய்வந்தார். மிக்கேலைப் பார்த்தாராம். ஆடியிலிருந்து பெய்கிற மழையில் ஒரு நாள்கூட மோட்டார் நின்றதில்லையாம். வாங்கிப் போன அன்றே மண்ணெண்ணெய் போட்டு மேலிருந்து கீழ்வரை தேய்த்துக் கழுவினாராம், "பட்டை பட்டையா ஏதோ அப்பியிருந்துச்சி" என்று.

நான் குழம்புக் கரண்டியோடு அசையாமல் நின்றேன். இப்போதாவது? யாராவது ஒருத்தர்?

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்புறம் முகம் தெளிந்தது.

"அப்பவே நெனச்சேன். அது வேதக்கார மோட்டாரு. ராயபுரத்துல மாதா கோயில்காரங்ககிட்ட வாங்கினது இல்ல? நம்ம சாமிக்கு எப்டி ஓடும்?"

மாமா தலையை ஆட்டினார். "அதான பாத்தேன்."

வருஷம் ஒன்றாக என் மேல் இருந்த பழி இன்று இறங்கிவிட்டது. கழற்றி மோட்டார் மேல் மாட்டிவிட்டார்கள். அத்தை என்னை நேராகப் பார்த்து, "உண்ணா, கொழம்பு அடி பிடிக்குது பாரு" என்றார்கள். பதினோரு மாசத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை.

இவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

3-12-78, ஞாயிறு

குளம் இந்த வருஷமும் நிரம்பியிருக்கிறது. கோயிலிலிருந்து வந்து உபயம் யார் என்று கேட்டார்கள். மாமாதான். "கயிறுதான் நமக்கு ராசி. நான் அப்பவே சொன்னேன்" என்றார். மாமாவிடம் இப்படித்தான் சரித்திரம் உருவாகிறது.

அத்தை பாக்கு இடித்துக்கொண்டே, "போன வருச வேண்டுதல் பாக்கி கீது. அபியை இந்தத் தடவை ஏத்திடணும்" என்றார்கள்.

நான் அடுக்களையில் இருந்தேன். வாயைத் திறக்கத் தயாரானேன், என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு. அதற்குள் கூடத்தில் இவர் குரல். பெரிய குரல் ஒன்றும் இல்லை.

"அபி ஏற வேணாம்மா. கரையில அவங்கம்மாகூட நிக்கட்டும்."

பாக்கு இடிக்கிற சத்தம் நின்றது.

"ஏண்டா? இப்பதான் மோட்டார் இல்லியே."

"மோட்டாரு நின்னது பொட்டுனாலதான். நான் கண்ணால பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ஒரு வருஷம் பிந்தி. அதுவும் மோட்டார் சேத்துப்பட்டு ஏரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது. என்ன வீரம்!

அத்தை எழுந்து பூஜை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவர் அடுக்களை வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. செம்பில் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அண்ணாந்து முழுக்கக் குடித்தார்.

ராத்திரி ரசத்தில் உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன் போல. இவர் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.